விட்ட இடம்

ரூபீனா எழுதிய சின்ன நிரல் ஒன்றை உலகம் முழுக்க நாற்பதாயிரம் பேர் தினமும் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். அவள் வீட்டில் யாருக்கும் அது தெரியாது. அலுவலகத்திலும் தெரியாது. தெரிந்தால் பெருமைப்பட மாட்டார்களா என்று கேட்பவர்களுக்கு அந்த வீடும் தெரியாது, அந்த அலுவலகமும் தெரியாது.

கம்ப்யூட்டர் நிரல் எழுதுகிறவர்களுக்கு, எழுதுவதற்கென்று ஒரு எடிட்டர் வேண்டும். ரூபீனாவின் எடிட்டர் இலவசமாகக் கிடைப்பது. அதற்குள் என்ன இருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், கை வைக்கலாம். குடிபோன வீட்டில் அவரவர் வசதிக்கு ஆணி அடித்துக்கொள்வது மாதிரி, அவரவர் தேவைக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் எழுதி அதில் மாட்டிக்கொள்ளலாம். நன்றாக இருந்தால் அடுத்தவர்களும் எடுத்து மாட்டிக்கொள்வார்கள். காசு கிடையாது. நன்றியும் அபூர்வம்தான். திட்டுவதற்கு மட்டும் வரிசை கட்டி வருவார்கள்.

அவள் எழுதியதற்குப் பெயர் 'விட்ட இடம்'. கச்சேரி ரோடு வீட்டில் உட்கார்ந்து ஒரு வரி எழுதினால், அடுத்த வரிக்குள் அம்மி, அதாவது அவள் அம்மா, மூன்று தடவை கூப்பிடுவாள். சிலிண்டர் வந்திருக்கும், இல்லை தண்ணீர் லாரி வந்திருக்கும், இரண்டும் இல்லையென்றால் உறவுக்காரர் யாராவது வந்திருப்பார்கள். திரும்பி வந்து, எங்கே விட்டோம், எதற்காக இதை எழுதிக்கொண்டிருந்தோம் என்று தேடித்தேடி அலுத்துப்போனவள் ஆறு வருடங்களுக்கு முன் அதை எழுதினாள். எடிட்டரை மூடும்போது நமக்கு நாமே ஒரு வரி குறிப்பு எழுதி வைக்கலாம். மறுபடி திறந்தால், விட்ட வரியில் கொண்டுபோய் நிறுத்தி, அந்தக் குறிப்பையும் காட்டும். வேறு ஒன்றும் செய்யாது. நிம்மதியாக உட்கார்ந்து வேலை செய்ய வாய்த்த யாருக்கும் இது தோன்றியே இருக்காது.

வெளியிடும்போது எழுதியவர் பெயர் கேட்டது. 'இது என்ன மண்ணாங்கட்டி?' என்று அன்று காலையில்தான் தம்பி அவள் திரையை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டிருந்தான். அந்த எரிச்சலில் மண்ணாங்கட்டி என்றே போட்டுவிட்டாள். ஜெர்மனியிலிருந்து ஒருவர், மதிப்பிற்குரிய மிஸ்டர் மண்ணாங்கட்டி என்று கடிதம் எழுதினார். ஆண்தான் என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். அவளும் திருத்தவில்லை. அப்புறம் சேர்ந்த தேனாம்பேட்டை கம்பெனியின் ஒப்பந்தத்தில், அனுமதியில்லாமல் வெளியே எதையும் எழுதி வெளியிடக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. அதைப் படித்த பிறகு, மண்ணாங்கட்டியாகவே இருந்துவிடுவது வசதியாகப் போயிற்று.

அந்த அலுவலகத்தில் அவளுக்குப் பக்கத்து நாற்காலி மதிவாணனுடையது. இருபத்துநான்கு வயது. அடையாற்றுக் கரையில் சைதாப்பேட்டைப் பக்கம் இருந்த அவர்கள் வீட்டை இடித்துவிட்டுக் குடும்பத்தையே பெரும்பாக்கத்தில் ஏழாவது மாடிக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வருவான். அந்த மாடியில் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவன் அவன் ஒருவன்தான். படியிறங்கும்போதே அட்டையை மாட்டிக்கொள்வான் என்பதை அவனே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறான்.

"யார்னு தெர்லக்கா இந்த மண்ணாங்கட்டி," என்பான் காலையில் எடிட்டரைத் திறந்ததும். "நேத்து நின்ன எடத்துலயே இட்டாந்து வுடுறான் பாருங்க. ஆள் கையில கெடச்சா ஒரு பிரியாணி வாங்கித் தரணும்."

"ம்," என்பாள் ரூபீனா. அன்று முழுவதும் அவளுக்கு வேலை கொஞ்சம் சுறுசுறுப்பாக ஓடும்.

பிப்ரவரியில் அம்மிக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆயிற்று. இரண்டு மாதம் ரூபீனா 'விட்ட இடம்' பக்கமே போகவில்லை. போய்ப் பார்த்தால் அறுபது புகார்கள் குவிந்திருந்தன. ஆள் செத்துவிட்டானா என்று ஒருவன் கேட்டிருந்தான். ஆனால் பாதிப் புகார்களுக்குக் கீழே பைன்ட்ரீ என்ற பெயரில் யாரோ பொறுமையாகப் பதில் எழுதி, பிழைகளைத் திருத்தியும் அனுப்பியிருந்தார்கள். ஏழு மாதமாகவே அந்த ஆள் இப்படி உதவிக்கொண்டிருந்தார். எந்த ஊர், என்ன வயது, ஒன்றும் தெரியாது. வேலை மட்டும் சுத்தமாக இருந்தது.

இவர்கள் உலகத்தில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. யார் வேலை செய்கிறார்களோ அவர்கள் கையில் சாவி. முகம் பார்ப்பதில்லை, ஊர் விசாரிப்பதில்லை. வீட்டுக்கு வேலையாள் வைக்க நான்கு பேரிடம் விசாரிக்கிற ரூபீனா, நாற்பதாயிரம் பேருடைய கம்ப்யூட்டருக்குள் போகும் சாவியை ஒரே நிமிடத்தில் பைன்ட்ரீயிடம் கொடுத்தாள். அதாவது, இனிமேல் புதுப் பதிப்பு வெளியிடுகிற உரிமை. கொடுத்துவிட்டு அம்மிக்கு மாத்திரை எடுத்துக்கொடுக்கப் போனாள். மனசு லேசாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஜூன் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, துபாயில் இருக்கும் சரக்குக் கப்பல் கம்பெனி ஒன்றிலிருந்து போன் வந்தது. அலுவலகத்தின் பெரிய கிளையண்ட் அவர்கள்தான். யாரோ அவர்களுடைய சர்வருக்குள் புகுந்து மூன்று நாள் பதிவுகளை அழித்துவிட்டார்கள். நுழைந்த பாஸ்வேர்டு மதிவாணனுக்கென்று தனியாகக் கொடுத்தது. மத்தியானத்துக்குள் அவன் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய்ச் சோதித்தார்கள். 'விட்ட இடம்' குறிப்பில், 'நாளைக்கு இங்கிருந்து ஆரம்பி' என்ற வரிக்குப் பக்கத்திலேயே அந்தப் பாஸ்வேர்டு எழுதியிருந்தது.



மறுநாள் செவ்வாய்க்கிழமை, எல்லோரும் சாப்பிடப் போன பிறகு ரூபீனா உட்கார்ந்து 'விட்ட இடம்' நிரலைத் திறந்து பார்த்தாள். எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கும் நிரலில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பைன்ட்ரீ கடைசியாக வெளியிட்ட பதிப்பை, அதாவது எல்லோருடைய எடிட்டரிலும் போய் உட்காரும் பொட்டலத்தைப் பிரித்தால், அதில் மட்டும் பதினோரு வரி அதிகமாக இருந்தது. குறிப்புகளில் பாஸ்வேர்டு போலத் தெரிவதைப் பொறுக்கியெடுத்து எங்கோ அனுப்புகிற பதினோரு வரி. நன்றாக எழுதப்பட்டிருந்தது. எழுத்தின் சுத்தத்தைப் பார்த்தே பைன்ட்ரீயின் கை என்று சொல்லிவிடலாம்.

செய்ய வேண்டியதில் ஒரு பாதியை அவள் உடனே செய்தாள். எடிட்டரைப் பராமரிக்கிற தன்னார்வலர்களுக்கு, மண்ணாங்கட்டி என்ற பெயரிலேயே எல்லாவற்றையும் எழுதி அனுப்பினாள். நான்கு மணி நேரத்தில் 'விட்ட இடம்' எல்லா எடிட்டர்களிலும் செயலிழந்தது. விசாரணை முடிந்ததும் காரணத்தை அறிவிக்கிறோம் என்றார்கள். ஆறு வருட வேலை போயிற்று. நாற்பதாயிரம் பேர் தப்பித்தார்கள். மறுநாள் காலையில் அலுவலகத்தில் இரண்டு பேர், அது வேலை செய்யவில்லையே என்று முணுமுணுத்துவிட்டு, வேறொன்றை எடுத்து மாட்டிக்கொண்டார்கள்.

மறுபாதி மதிவாணன். அதற்கு அவள் வாய் திறக்கவில்லை. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து அவள்தான் டீம் லீட் என்று முடிவாகியிருந்தது. ஐந்து வருடம் பின்வரிசையில் உட்கார்ந்து வாங்கிய இடம். இதைச் சொன்னால் அதுவும் போகும், வேலையும் போகும், இன்னொரு கம்பெனி வாசற்படி ஏற்றுவார்களா என்பதும் சந்தேகம். பையன் பாஸ்வேர்டை எழுதி வைத்தது தப்புதானே என்றும் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். ஆனால் அது நியாயம் பேசுகிற குரல் இல்லை. அவளுக்குப் பயம், அவ்வளவுதான்.

புதன்கிழமை கண்ணாடி அறையில் விசாரணை. மேலாளர் ஸ்ரீரங்கன் அவளையும் கூப்பிட்டார். "நீயும் வாம்மா. அடுத்த மாசத்துலேர்ந்து நீதானே இதெல்லாம் பாத்துக்கணும்," என்றார். மயிலாப்பூர்க்காரர். குரலை உயர்த்தாமலே ஆளை அனுப்பிவிடக்கூடியவர்.

மதிவாணன் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். "நான் யாருக்கும் குடுக்கல சார். அந்த எக்ஸ்டென்ஷன் பக்கத்துல மொத லைன்லயே போட்டுகீது. குறிப்பு உங்க கம்ப்யூட்டர வுட்டு வெளிய போவாதுன்னு. அத படிச்சிட்டுதான் சார் எழுதி வெச்சேன்."

அந்த முதல் வரியை எழுதியவள் அவனுக்கு எதிரே மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவனோ மண்ணாங்கட்டின்னு பேர் வெச்சிண்டு எழுதினதை நம்பி, கிளையண்ட் பாஸ்வேர்டை எழுதி வெப்பியா நீ?" என்றார் ஸ்ரீரங்கன். "சரி, நாப்பதாயிரம் பேர் அதை வெச்சிண்டிருக்கான். அவாளோடதெல்லாம் போகலை. உன்னோடது மட்டும் எப்படிப் போச்சு?"

ஸ்ரீரங்கன் ரூபீனா பக்கம் திரும்பினார். "நீ என்ன சொல்றே?"

"நோட்ல பாஸ்வேர்டு எழுதினது தப்புதான் சார்," என்றாள்.

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மதிவாணன் தலையாட்டினான். அக்காவே சொன்ன பிறகு அவனுக்கும் அது உறுதியாகிவிட்டது.

நடந்ததற்கு வருந்துவதாக ஒரு கடிதம் எழுதிக் கொடு, மேலே பேசிப் பார்க்கிறேன் என்றார் ஸ்ரீரங்கன். சாயங்காலம் மதிவாணன் அந்தக் கடிதத்தை அச்செடுத்துக்கொண்டு நேராக ரூபீனாவிடம் வந்தான்.

"அக்கா, கொஞ்சம் படிச்சிப் பாருங்க. எனக்கு இங்கிலீஷ் தகராறுன்னு ஒங்களுக்குத் தெரியும்ல."

என் கவனக்குறைவால் இது நடந்தது, இனி நடக்காது, மன்னிக்க வேண்டும் என்று அரைப் பக்கம். ரூபீனா பேனாவை எடுத்தாள். இரண்டு இடத்தில் கமா போட்டாள். ஒரு வாக்கியம் நீளமாக இருந்தது, அதை இரண்டாக உடைத்தாள்.

"இப்ப ஓகேவாக்கா?"

"ஓகே."

"வூட்ல இன்னும் சொல்லல. அம்மா எதுனா கேட்டா, லேப்டாப் ரிப்பேர்னு சொல்லிக்கினு கீறேன்," என்றான். சிரிக்கவும் பார்த்தான். அன்று ரூபீனா வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமலே படுத்துக்கொண்டாள். அம்மி உடம்பு சரியில்லையா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது அவளுக்கு.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அந்தக் கடிதம் மேலிடத்திலிருந்து திரும்பி வந்தது. வாசகத்தைக் கொஞ்சம் சரிசெய்திருப்பதாகச் சொன்னார்கள். மதிவாணன் அதையும் ரூபீனாவிடம்தான் கொண்டுவந்தான். அவள் போட்ட இரண்டு கமாவும் இருந்தன. கவனக்குறைவு என்ற சொல்லைத்தான் காணோம். பாஸ்வேர்டைத் தெரிந்தே வெளியாள் ஒருவருக்குக் கொடுத்தேன் என்று அந்த இடத்தில் இருந்தது.

"இத யார் எழுதினது?"

"தெர்லக்கா. கையெழுத்துப் போட்டா போலீஸ் கம்ப்ளெயிண்ட் இருக்காதாம். நாலு மணிக்குள்ள போட்டுக் குடுக்கணும். போட்டுடவா?"

போட்டால் அவன் வாழ்நாளில் இன்னொரு அலுவலகத்தில் கழுத்தட்டை மாட்ட முடியாது. அவனுக்கும் அது தெரிந்திருந்தது. போலீஸ் ஸ்டேஷனைப் பற்றி அவன் வீட்டுக்காரர்களுக்குக் கூடுதலாகத் தெரிந்திருந்தது. அதனால்தான் கேட்டான்.

"போடாத. இங்கயே இரு," என்று சொல்லிவிட்டு ரூபீனா ஸ்ரீரங்கன் அறைக்குப் போனாள்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். மண்ணாங்கட்டி யார், பைன்ட்ரீக்குச் சாவி போனது எப்படி, அந்தப் பதினோரு வரி என்ன செய்தது. ஸ்ரீரங்கன் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"பாரும்மா. நீ எங்கிட்ட ஒண்ணும் சொல்லலை, நான் ஒண்ணும் கேக்கலை. கிளையண்ட் ஒரு பேர் கேக்கறான். பேர் கெடைச்சாச்சு. இப்போ போய், எங்க கம்பெனி ஆளே எழுதின எக்ஸ்டென்ஷன் வழியாத்தான் திருட்டுப் போச்சுன்னு சொன்னா, கிளையண்ட் போயிடுவான். முப்பது பேர் ஆத்துல அடுப்பு எரியாது. ஒரு பையன், சின்ன வயசு, வேற எங்கயாவது பொழைச்சுப்பான்."

"தெரிஞ்சே குடுத்தான்னு எழுதிருக்கீங்க சார். எங்க பொழைப்பான்?"

"நீ இன்னிக்கு லீவு போட்டுண்டு ஆத்துக்குப் போ. நாளைக்குப் பேசிக்கலாம்," என்றார். குரல் அப்போதும் உயரவில்லை.

அவர் சொன்ன முப்பது பேர் கணக்கில் பொய்யில்லை என்று ரூபீனாவுக்குத் தெரியும். நாளைக்கு என்பது நான்கு மணிக்கு அப்புறம் வருவது என்றும் தெரியும்.

அவள் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். 'விட்ட இடம்' செயலிழந்துவிட்டாலும், அதன் பக்கம் அப்படியேதான் இருந்தது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், துபாய்க்காரனும் படிக்கலாம். இத்தனை வருடமாக அதன் தலைப்பில் இருந்த மண்ணாங்கட்டியை எடுத்துவிட்டுத் தன் முழுப் பெயரைப் போட்டாள். என் பெயர் ரூபீனா, சென்னையில் வேலை செய்கிறேன், முகம் தெரியாத ஒருவருக்கு உரிமையைக் கொடுத்தவள் நான் என்று ஆரம்பித்து, அந்தப் பதினோரு வரியையும் கீழே ஒட்டினாள். உங்கள் குறிப்பு வெளியே போகாது என்று நான் எழுதியதை நம்பியவர்கள் மேல் தப்பில்லை என்று முடித்தாள். மிஞ்சிப்போனால் இருபது வரி இருக்கும். அதன் இணைப்பைக் கிளையண்டுக்கும், அலுவலகத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் மின்னஞ்சலில் அனுப்பியபோது மணி ஒன்று நாற்பது.

அப்புறம் நடந்தவை எல்லாம் வேகமாக நடந்தன. ஸ்ரீரங்கன் இரண்டு போனில் மாறி மாறிப் பேசினார். கண்ணாடி அறைக்குள் ஆட்கள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். மூன்று மணிக்கு மதிவாணனிடமிருந்து அந்தக் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பாஸ்வேர்டை எழுதி வைத்ததற்கு எச்சரிக்கை மட்டும் கொடுத்து, திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்கள். நான்கு மணிக்கு ரூபீனாவிடம் லேப்டாப்பையும் அட்டையையும் கேட்டார்கள். கொடுத்தாள். கிளையண்ட் இருப்பானா போவானா என்று அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை. கூட வேலை பார்த்தவர்கள் அவளைக் கண்டும் காணாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்வதற்கில்லை.

அவள் கீழே இறங்கி அண்ணா சாலை பஸ் நிறுத்தத்துக்கு வந்தபோது மதிவாணன் அங்கே நின்றுகொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் பக்கத்துக் கடைக்குப் போய் இரண்டு டீ வாங்கிக்கொண்டு வந்தான். ஒன்றை அவளிடம் நீட்டினான்.

"மூணு நாளா நாந்தான் பண்ணிட்டேன்னு நெனச்சிக்கினு இருந்தேன்க்கா," என்றான். "தூக்கத்துல எவன்கிட்டயாச்சும் ஒளறிட்டேனான்னு கூட யோசிச்சேன். நேத்து ராவு எங்கம்மா சோறு போட்டாங்கோ. தட்டப் பாத்துக்கினு அழுவறேன். இன்னாடான்னு கேக்குறாங்கோ, சொல்ல முடில."

ரூபீனா டீயைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"நீங்க மட்டும் சொல்லலன்னா நான் கையெழுத்துப் போட்டுருப்பேன். ஒங்க வேலய வுட்டுட்டு வந்து சொன்னீங்க பாருங்க. யார்க்கா செய்வாங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு, தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக மட்டுமே கேட்கிறவன் போல, "ஒங்களுக்கு எப்பக்கா தெரிஞ்சுது?" என்றான்.

இன்றைக்குக் காலையில் என்று சொன்னால் நம்பியிருப்பான். அவனிடம் வேறு யாரும் சொல்லப்போவதும் இல்லை. அவன் கண்ணில் இப்போது இருப்பது அப்படியே இருக்கும். வேலை போய், அந்த எக்ஸ்டென்ஷனும் போய் நிற்கிறவளுக்கு அன்றைக்குக் கிடைத்த ஒரே நல்ல விஷயம் அந்தப் பார்வைதான்.

"செவ்வாய்க்கிழமை மத்தியானம்," என்றாள்.

மதிவாணன் டம்ளரை வாயருகில் கொண்டுபோனவன் அப்படியே நிறுத்தினான். மனசுக்குள் நாட்களைப் பின்னால் எண்ணுவது தெரிந்தது.

"அப்ப புதன்கிழமை, ரூம்ல..."

"தெரியும்."

"லெட்டர ஒங்ககிட்ட குடுத்தேனே. கமா போட்டுக் குடுத்தியே."

"தெரியும் மதி. தெரிஞ்சுதான் போட்டேன்."

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். திட்டுவான் என்று ரூபீனா காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவன் மீதி டீயைக் கீழே ஊற்றிவிட்டு, டம்ளரைக் கடையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, நான்கு ஆள் தள்ளி நின்றுகொண்டான்.

வந்து நின்றது வடபழனி போகிற பஸ். பெரும்பாக்கத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மதிவாணன் அதில் ஏறிக்கொண்டான்.